ரொனால்டு ராஸ்

சர் ரொனால்டு ராஸ் (மே 13, 1857 – செப்டம்பர் 16, 1932) இந்தியாவில் பிறந்த பிரித்தானிய மருத்துவர் ஆவார். மலேரியா நோயின் ஒட்டுண்ணி கொசுவின் (நுளம்பின்) உடலில் வளர்ந்து, கொசுக்கடி மூலம் பரவுகின்றது என்பதை இந்தியாவில் மேற்கொண்ட ஆய்வுகளின் வழியே நிறுவினார். இதற்காக 1902 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

கொசு பற்றிய இவரது கண்டுபிடிப்பு பள்ளிப் பாடநூல்கள் வரை அறிமுகமானது. ஆனால் தமது வாழ்வின் பிற்பகுதியில் இவர் ஆராய்ந்த மற்றொரு கேள்வி பரவலாக அறியப்படவில்லை. ஒரே நோய், ஒரே காலத்தில், அருகருகே உள்ள இரு ஊர்களில் ஏன் வெவ்வேறு அளவில் காணப்படுகின்றது என்பதே அக்கேள்வியாகும். இதற்கு விடை காண ராஸ் அமைத்த சமன்பாடுகள், இன்று பெருந்தொற்றுக் காலங்களில் நோய்ப்பரவலைக் கணிக்கப் பயன்படும் கணித முறைகளுக்கு முன்னோடியாக அமைந்தன.

இளமையும் கல்வியும்

ராஸ், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள அல்மோராவில் பிறந்தார். இவரது தந்தை பிரித்தானிய இந்தியப் படையில் உயர் அதிகாரியாகப் பணியாற்றியவர். பத்துப் பிள்ளைகளில் ராஸ் மூத்தவர். எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட இவர், ஓவியம், இசை, கவிதை, கணிதம் ஆகியவற்றில் ஆர்வம் காட்டினார். மருத்துவத்தில் இவருக்கு அவ்வளவாக நாட்டம் இருக்கவில்லை. தந்தையின் விருப்பத்துக்கு இணங்கியே இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

தேர்வுகளில் இவர் சிறந்து விளங்கவில்லை. ஒரு தகுதித் தேர்வில் தோல்வியுற்ற பின்னர், சிறிது காலம் அத்திலாந்திக் கடலைக் கடக்கும் கப்பல்களில் மருத்துவராக வேலை பார்த்தார். 1881 இல் இந்திய மருத்துவப் பணியில் தேர்ச்சி பெற்று, அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

சென்னை மாகாணத்தில் பணி

ராசுக்குச் சென்னை மாகாணப் பிரிவில் பணியிடம் கிடைத்தது. சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் எனப் பல இடங்களுக்கு மாற்றப்பட்டார். தொடக்க ஆண்டுகளில் மருத்துவமனைப் பணி போக எஞ்சிய நேரத்தைக் கணித நூல்களைப் படிப்பதிலும் கதை, கவிதை எழுதுவதிலும் செலவிட்டார். ஆசிரியர் இல்லாமல் தாமே கற்ற இக்கணிதம் பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் உதவியது.

1883 இல் பெங்களூரில் இருந்தபோது தமது தங்குமிடத்தில் கொசுத் தொல்லை மிகுந்திருப்பதைக் கண்டார். அருகிலிருந்த தொட்டி நீரில் கொசுப்புழுக்கள் நெளிவதைப் பார்த்து அந்நீரை அகற்றச் செய்தபோது கொசுக்கள் குறைந்தன. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு அப்போது அறியப்படவில்லை. எனினும், ஓரிடத்தில் கொசு மிகுதியாக இருப்பதற்கும் மற்றோரிடத்தில் குறைவாக இருப்பதற்கும் அகற்றத்தக்க ஒரு காரணம் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி இவருக்கு உணர்த்தியது.

1888 இல் விடுப்பில் இங்கிலாந்து சென்ற ராஸ், பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் பெற்றதுடன் நுண்ணுயிரியலும் கற்றார். 1889 இல் ரோசா பெசி புளொக்சம் என்பாரை மணந்து, மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பினார்.

மலேரியா பற்றிய அக்காலக் கருத்துகள்

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நோய் ஊருக்கு ஊர் மாறுபடுவதற்கும் மண், காற்று, மக்களின் உடல்வாகு ஆகியவையே காரணங்களாகக் கூறப்பட்டன. இவற்றுள் எதையும் அளந்து பார்க்க இயலவில்லை. எனவே காய்ச்சல் மிகுந்த ஊர் என்பது அவ்வூரின் தலைவிதி போலவே கருதப்பட்டது.

1880 இல் பிரெஞ்சுப் படை மருத்துவர் அல்போன்சு லாவரன், அல்சீரியாவில் நோயாளி ஒருவரின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியை நுண்ணோக்கி வழியே கண்டார். நோய்க்குக் காரணம் ஓர் உயிரி என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு செல்கின்றது என்பது புதிராகவே இருந்தது. 1894 இல் இலண்டனில் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவரைச் சந்தித்த ராஸ், கொசுவுக்கு இதில் பங்கு இருக்கக்கூடும் என்ற அவரது கருதுகோளை அறிந்தார். அதனைச் சோதிக்கும் நோக்குடன் 1895 இல் இந்தியா திரும்பினார்.

உதகமண்டலமும் சீகூரும்

1897 இல் விடுப்பில் உதகமண்டலம் வந்த ராஸ், நீலகிரியின் வடசரிவில் கல்லட்டி வழியாக இறங்கும் சீகூர்ப் பகுதிக்குச் சென்றார். இப்பகுதி கடும் காய்ச்சலுக்குப் பெயர் பெற்றிருந்தது. கொயினா மருந்து உட்கொண்டு வந்தபோதிலும் இவரும் அங்கே மலேரியாவுக்கு ஆளானார். சிறகில் புள்ளிகள் கொண்ட, உட்காரும் நிலையில் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட ஒரு வகைக் கொசுவையும் அங்கே கண்டு குறித்துக்கொண்டார்.

நோய் இடத்துக்கு இடம் மாறுபடுவதற்கு உதகமண்டலமும் சீகூரும் மிகத் தெளிவான எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலம் நோயாளிகள் உடல் தேறச் செல்லும் இடமாக விளங்கியது. அதிலிருந்து ஒரு நாளில் நடந்து இறங்கக்கூடிய தொலைவில் இருந்த சீகூரோ மக்கள் தங்க அஞ்சும் இடமாக இருந்தது.

இதற்கான காரணம் இன்று நன்கு அறியப்பட்டுள்ளது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் முழு வளர்ச்சி பெற, வெப்பமான சூழலில் ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். குளிர் கூடக்கூட இக்காலம் நீள்கின்றது. வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழே சென்றால் வளர்ச்சி நின்றுவிடுகின்றது. குளிர்ந்த மலையுச்சியில் ஒட்டுண்ணி வளர்ந்து முடிவதற்குள் கொசு இறந்துவிடும். ஆகவே அங்கே கொசு இருந்தாலும் நோய் நிலைபெறுவதில்லை.

கண்டுபிடிப்பு

சிக்கந்தராபாத் திரும்பிய ராஸ், உசேன் கான் என்ற நோயாளியைப் புள்ளிச் சிறகுக் கொசுக்களைக் கொண்டு கடிக்கச் செய்தார். இவ்வாறு குருதி குடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து ஆராய்ந்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று, ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களைக் கண்டார். ஒட்டுண்ணி கொசுவினுள் வளர்கின்றது என்பதற்கு இது முதற் சான்றாக அமைந்தது. ஆகஸ்ட் 20 ஆம் நாள் இன்று உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

அடுத்த மாதமே ராஸ் இராசபுதனத்தில் உள்ள கெர்வாராவுக்கு மாற்றப்பட்டதால் ஆய்வு தடைப்பட்டது. 1898 இல் கல்கத்தாவில் ஆய்வு செய்ய இசைவு கிடைத்தபோது, பறவைகளைத் தாக்கும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்சு என்ற உதவியாளர் இவ்வாய்வுகளில் துணை நின்றார். 1898 சூலையில் ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கடியின்போது நலமான பறவைக்குள் புகுவதையும் ராஸ் காட்டினார்.

அதே ஆண்டின் இறுதியில் இத்தாலிய விலங்கியலாளர் சியோவன்னி பத்தீசுத்தா கிராசியும் அவரது குழுவினரும், மனிதரிடையே மலேரியாவைப் பரப்புவது அனோபிலிசு வகைக் கொசு என்பதை நிறுவினர். கண்டுபிடிப்பின் முன்னுரிமை குறித்து ராசுக்கும் கிராசிக்கும் எழுந்த கடும் பகைமை இருவரது வாழ்நாள் முழுவதும் நீடித்தது. நோபல் பரிசு ராசுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. இம்முடிவு சரியானதா என்பது குறித்து வரலாற்றாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

கொசு ஒழிப்பில் இரு முடிவுகள்

1899 இல் இந்தியப் பணியிலிருந்து விலகிய ராஸ், லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மலேரியாவை ஒழிக்கக் கொசு வளரும் நீர்நிலைகளை அகற்றுவதே வழி என்று எங்கும் வலியுறுத்தினார். இம்முறை இரண்டு இடங்களில் சோதிக்கப்பட்டபோது நேர்மாறான முடிவுகள் கிடைத்தன.

முதல் இடம் எகிப்தின் சூயசுக் கால்வாய்க் கரையில் உள்ள இசுமாயிலியா நகரம். 1902 இல் ராஸ் அங்கு சென்று கூறிய அறிவுரைப்படி தேங்கிய நீர் வடிக்கப்பட்டது, எண்ணெய் தெளிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருந்த நோயாளர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் நூற்றுக்கும் கீழே இறங்கியது.

இரண்டாவது இடம் இலாகூருக்கு அருகில் இருந்த மியான் மீர் படைக்குடியிருப்பு. இங்கு 1901 முதல் 1909 வரை மருத்துவர்கள் ஜேம்சும் கிறிசுதோபர்சும் தொடங்கி வைத்த கொசு ஒழிப்புப் பணி நடைபெற்றது. எதிர்பார்த்தவாறு காய்ச்சல் குறையவில்லை. இதனை அடிப்படையாகக் கொண்டு, இந்தியாவில் கொசு ஒழிப்பு பயன் தராது என்று அதிகாரிகள் பலர் வாதிட்டனர். 1909 இல் சிம்லாவில் கூடிய மலேரியா மாநாட்டில் இது பெரும் விவாதத்துக்கு உள்ளானது.

பாலைவனத்தால் சூழப்பட்ட இசுமாயிலியாவுக்கு வெளியிலிருந்து கொசுக்கள் வருவது அரிது. மியான் மீரிலோ நாற்புறமும் பாசன வாய்க்கால்கள் இருந்தன. ஒழிக்கப்பட்ட பரப்பு சிறியது என்றும், ஒதுக்கிய பணம் போதாது என்றும், வெளியிலிருந்து கொசுக்கள் வந்து சேர்ந்தன என்றும் ராஸ் வாதிட்டார். ஆனால் எவ்வளவு பரப்பு போதும், எவ்வளவு கொசு குறைந்தால் போதும் என்பதைச் சொல்லாமல் இவ்வாதத்தை முடிக்க இயலாது. இதுவே இவரைக் கணிதத்தின்பால் திருப்பியது.

நோய்ப்பரவலின் கணிதம்

1904 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில், பிறந்த இடத்திலிருந்து கொசு எவ்வளவு தொலைவு பரவும் என்பதை நிகழ்தகவு முறையில் ராஸ் ஆராய்ந்து கூறினார். கொசு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு திசையில் பறப்பதால் பெரும்பாலானவை பிறந்த இடத்துக்கு அருகிலேயே இருந்துவிடும் என்பது இதன் முடிவாகும். புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1905 இல் வெளியிட்ட, திசை தெரியாமல் நடப்பவரின் நடை பற்றிய புகழ்பெற்ற கணக்கு, ராசின் இக்கொசுக் கேள்வியிலிருந்தே எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1907–1908 இல் மொரீசியசுத் தீவில் ராஸ் மலேரியாவை ஆய்வு செய்தார். குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது என்பதைக் கணக்கிட்டு, ஊர்தோறும் நோயின் அளவை ஒப்பிட்டார். காய்ச்சல் என்று வருவோரை மட்டும் எண்ணினால் மருத்துவமனை உள்ள ஊரில் நோய் மிகுதியாகத் தோன்றும். மண்ணீரலைச் சோதிப்பது எல்லா ஊர்களையும் ஒரே அளவுகோலால் அளக்க உதவியது. 1908 இல் வெளியான மொரீசியசு அறிக்கையிலும், 1910 இல் வெளிவந்து அடுத்த ஆண்டு மறுபதிப்புக் கண்ட மலேரியாத் தடுப்பு பற்றிய நூலிலும் தமது சமன்பாடுகளை இவர் வெளியிட்டார்.

வாயில் அளவு

ராசின் வாதத்தைக் கீழ்க்காணும் கற்பனை எடுத்துக்காட்டின் வழியே எளிதில் அறியலாம். இரு ஊர்களில் தலா 100 நோயாளிகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் ஒவ்வொரு மாதமும் நோயாளிகளில் நூற்றுக்கு 20 பேர் குணமடைகின்றனர். முதல் ஊரில் கொசு சற்றுக் குறைவு. எனவே ஒவ்வொரு 100 நோயாளிகளிடமிருந்தும் மாதம் 15 பேருக்குப் புதிதாக நோய் பரவுகின்றது. இரண்டாவது ஊரில் கொசு சற்று மிகுதி. எனவே 25 பேருக்குப் பரவுகின்றது.

முதல் ஊரில் நோயாளர் எண்ணிக்கை மாதம் 5 விழுக்காடு குறைகின்றது, இரண்டாவது ஊரில் 5 விழுக்காடு கூடுகின்றது. ஓராண்டு கழிந்தபின் முதல் ஊரில் ஏறத்தாழ 54 பேரும், இரண்டாவது ஊரில் ஏறத்தாழ 180 பேரும் நோயுற்றிருப்பர். இரண்டு ஆண்டுகளில் இவ்வெண்கள் முறையே 29, 322 என்றாகும். (நலமாக உள்ளோர் குறையக் குறைய இரண்டாவது ஊரின் வளர்ச்சி மெதுவாகும். எளிமை கருதி அது இங்கு சேர்க்கப்படவில்லை.) தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடு, முடிவில் பதினோரு மடங்கு வேறுபாடாகின்றது. மேலும் சில ஆண்டுகளில் முதல் ஊரில் நோய் அற்றுப்போகும், இரண்டாவது ஊரில் நிலைத்துவிடும்.

புதிதாக நோயுறுவோரும் குணமடைவோரும் சமமாகும் இந்நிலையை வாயில் அளவு எனலாம். இதிலிருந்து ராஸ் இரு முடிவுகளுக்கு வந்தார். ஒன்று, மலேரியாவை ஒழிக்கக் கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை. தலைக்கு இத்தனை கொசு என்ற எண்ணிக்கையை வாயில் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும். மற்றொன்று, நோயின் அளவில் பெரும் வேறுபாடு காணப்படுவதால் காரணத்திலும் பெரும் வேறுபாடு இருக்க வேண்டும் என்பதில்லை.

சார்ந்த நிகழ்வும் சாரா நிகழ்வும்

1915 முதல் 1917 வரை வெளியிட்ட கட்டுரைகளில் ராஸ் தமது கணிதத்தை எல்லா நோய்களுக்கும் பொதுவாக்கினார். இவற்றுள் பிற்பகுதி கணிதவியலாளர் இல்டா அட்சனுடன் இணைந்து எழுதப்பட்டது. மக்களுக்கு நேரும் நிகழ்வுகளை இவர் இரண்டாகப் பிரித்தார். ஆலையில் இயந்திரத்தால் ஏற்படும் காயம் சாரா நிகழ்வாகும். ஒருவர் காயமுற்றதால் அடுத்தவருக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு கூடுவதில்லை. தொற்றுநோய் சார்ந்த நிகழ்வாகும். ஏற்கனவே எத்தனை பேர் நோயுற்றுள்ளனர் என்பதைப் பொறுத்தே ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பு அமைகின்றது.

நோய்களையும் இவர் மூவகையாகக் கண்டார். தொழுநோய், காசநோய் போன்றவை அதிக ஏற்றத்தாழ்வின்றித் தொடர்வன. தட்டம்மை, மலேரியா போன்றவை எப்போதும் இருந்தாலும் அவ்வப்போது பொங்கி எழுவன. கொள்ளைநோய் (பிளேக்கு), வாந்திபேதி (காலரா) போன்றவை பெருகித் தணிந்தபின் முற்றிலும் மறைந்துபோவன. இம்மூன்றையும் ஒரே வகைச் சமன்பாடுகளால் விளக்க முடியும் என்று ராஸ் கருதினார்.

பின்வந்த ஆய்வுகள்

1901 இல் ராசுடன் சியேரா லியோனி சென்ற மருத்துவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக், பின்னர் இந்திய மருத்துவப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர். 1927 இல் இவரும் வில்லியம் கெர்மாக்கும் வெளியிட்ட கட்டுரை, நோய்ப்பரவல் கணிதத்தின் அடிப்படை ஆவணமாகக் கருதப்படுகின்றது. அக்கட்டுரையில் சமன்பாட்டைச் சரிபார்க்கப் பயன்பட்டவை, 1905–1906 இல் பம்பாயில் கொள்ளைநோயால் வாரந்தோறும் இறந்தோரின் எண்ணிக்கைகளாகும். 1950களில் சார்ச் மக்டொனால்டு, ராசின் சமன்பாடுகளில் கொசுவின் வாழ்நாளுக்கு உரிய இடம் தந்து விரிவாக்கினார். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைப் பரப்புவார் என்னும் அடிப்படைப் பரவல் எண் இவ்வழியே வந்ததாகும். 2020 ஆம் ஆண்டு கோவிட் பெருந்தொற்றின்போது செய்திகளில் நாள்தோறும் பேசப்பட்ட எண் இதுவே.

விமர்சனங்கள்

ராசின் சமன்பாடுகள் கொசுவையும் தொற்றையும் கணக்கில் கொண்ட அளவுக்கு மக்களின் வறுமையைக் கணக்கில் கொள்ளவில்லை. 1908 இல் பஞ்சாபில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்திய மலேரியாவை ஆராய்ந்த கிறிசுதோபர்சு, மிகுமழையுடன் தானிய விலை உயர்வும் சேர்ந்த இடங்களிலேயே இறப்பு மிகுந்திருந்ததை 1911 இல் காட்டினார். தொற்று எவ்வளவு பரவும் என்பதும், தொற்றியவருள் எத்தனை பேர் இறப்பர் என்பதும் வேறுவேறு கேள்விகள் என்பதை இது உணர்த்தியது.

1918 இன் இன்புளுவென்சாப் பெருந்தொற்றிலும் இது காணப்பட்டது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தனர். பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. சென்னை மாகாணத்திலும் வங்காளத்திலும் இறப்பு வீதம் அவற்றைவிடக் குறைவாக இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் ஏற்பட்ட உணவுத் தட்டுப்பாடு, தொற்று வந்தடைந்த பருவம், அது கிழக்கு நோக்கி நகர்ந்தபோது வீரியம் தணிந்தமை ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இன்றைய பொருத்தம்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி

ராஸ் எழுப்பிய கேள்வியை இன்றைய தமிழ்நாட்டில் பொருத்திப் பார்க்கக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதி ஏற்ற இடமாகும். ஏரிப்பாசன ஊர்களாக இருந்த இப்பகுதியில், 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010 இல் ஒரகடத்திலும் மகிழுந்து ஆலை திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரே வளாகத்தில் தங்குவதற்கு இது ஒப்பாகும்.

கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 சூன் 19 முதல் 30 வரை சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஆகிய நான்கு மாவட்டப் பகுதிகளுக்குத் தனியாக முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. 2021 மே மாதத்தில், பாதுகாப்புக் குறித்துத் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கைகளைத் தொடர்ந்து இப்பகுதியின் சில ஆலைகளில் உற்பத்தி சில நாட்கள் நிறுத்தப்பட்டது. இத்தகைய பகுதியின் நோய் வீதத்தை அடுத்த மாவட்டத்துடன் ஒப்பிடும்போது பின்வரும் காரணிகளைத் தனித்தனியே பிரித்தறிதல் வேண்டும்.

தொடர்பின் நெருக்கம்: ஆலைப் பேருந்து, உணவுக்கூடம், பலர் தங்கும் அறை ஆகியவை ஒருவர் நாள்தோறும் சந்திப்போரின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. மலேரியாவில் தலைக்கு இத்தனை கொசு என்பதற்கு உள்ள இடமே, காற்றில் பரவும் நோயில் இவ்வெண்ணிக்கைக்கு உண்டு.

வெளியிலிருந்து வரும் தொற்று: 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியோர் வழியாக அரியலூர், கடலூர் போன்ற மாவட்டங்களில் நோயாளர் எண்ணிக்கை திடீரெனக் கூடியது. இது அம்மாவட்டங்களின் இயல்பைக் காட்டவில்லை, சென்னையுடன் அவற்றுக்கு இருந்த தொடர்பையே காட்டியது. மலேரியாப் பதிவுகளிலும் உள்ளூரில் தொற்றியது, வெளியூரில் தொற்றி வந்தது என்ற வேறுபாடு பார்க்கப்படுகின்றது.

வகுக்கும் எண்: நோய் வீதம் என்பது நோயாளரை மக்கள்தொகையால் வகுத்துப் பெறுவது. மலேரியாவுக்கான ஆண்டு ஒட்டுண்ணி வீதமும் ஆயிரம் பேருக்கு இத்தனை என்றே கணக்கிடப்படுகின்றது. பெருந்தொற்றின்போது கையில் இருந்தது 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அதன் பின்னர் வந்து சேர்ந்த தொழிலாளர்கள் நோயாளிகளாக எண்ணப்பட்டு, மக்கள்தொகையில் எண்ணப்படாமல் போனால், அவ்விடத்தின் வீதம் உள்ளதைவிட உயர்ந்து தோன்றும்.

சோதனையின் அளவு: எல்லாத் தொழிலாளரையும் சோதிக்கும் ஆலை உள்ள ஊரில், அறிகுறியற்ற நோயாளிகளும் பதிவாவர். சோதனை நிலையமே இல்லாத ஊர் நலமான ஊராகத் தோன்றலாம். மண்ணீரல் கணக்கெடுப்பின் மூலம் ராஸ் தவிர்க்க முயன்ற பிழை இதுவேயாகும்.

சூழல்: சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்டீபன்சி வகைக் கொசு, மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டுமான இடங்களில் தேங்கும் நீர் ஆகியவற்றில் வளர்கின்றது. ஊர்ப்புறங்களில் பரப்பும் கொசு வகை வேறு. ஏரி நிறைந்த ஊர் தொழில்நகரமாக மாறும்போது ஒருவகைக் கொசுவின் இடத்தை மற்றொரு வகை பிடிக்க இயலும்.

இவற்றைப் பிரித்தறியாமல், வீதம் உயர்ந்துள்ள ஊரின் மக்களையோ புலம்பெயர்ந்து வந்த தொழிலாளரையோ குறை கூறுவது, நச்சுக்காற்றைக் காரணம் காட்டிய பழைய முறைக்கு ஒப்பாகும். எந்தக் காரணி வீதத்தை உயர்த்தியுள்ளது என்பதைப் பொறுத்தே செய்ய வேண்டிய பணியும் மாறுகின்றது. முதற் காரணியாயின் தங்குமிட நெருக்கடியைக் குறைக்க வேண்டும். நான்காவதாயின், குறைந்த வீதம் காட்டும் அண்டை ஊரிலேயே சோதனையைக் கூட்ட வேண்டும்.

இறுதிக் காலம்

1901 இல் அரச கழகத்தின் உறுப்பினரான ராஸ், 1911 இல் சர் பட்டம் பெற்றார். 1912 இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 இல், இவரது மூத்த மகன் போர்முனையில் கொல்லப்பட்டார். 1917 முதல் பிரித்தானியப் போர்த்துறைக்கு மலேரியா ஆலோசகராக இருந்தார். 1923 இல் வெளியான இவரது தன்வரலாறு அவ்வாண்டின் ஜேம்ஸ் டெயிட் பிளாக் நினைவுப் பரிசைப் பெற்றது. நாவல்களும் கவிதைகளும் இவர் எழுதியுள்ளார்.

1926 இல் இலண்டனின் புட்னியில் இவரது பெயரால் ஆய்வு நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது. தமது உழைப்புக்கு ஏற்ற ஊதியத்தை அரசு தரவில்லை என்ற மனக்குறை இவருக்கு இறுதிவரை இருந்தது. 1928 இல் தமது ஆவணங்களை 2000 பவுணுக்கு விற்றார். 1932 செப்டம்பர் 16 அன்று காலமானார்.

நினைவுச் சின்னங்கள்

கல்கத்தாவில் இவர் ஆய்வு செய்த மருத்துவமனை வளாகத்தில் அமைக்கப்பட்ட நினைவு வாயிலை 1927 இல் ராசே நேரில் வந்து திறந்து வைத்தார். ஐதராபாத்தில் பேகம்பேட்டைக்கு அருகில் இவர் ஆய்வு செய்த கட்டடம் உசுமானியப் பல்கலைக்கழகத்தின் கீழ் இவரது பெயரில் பேணப்படுகின்றது.

விடுதலையின்போது இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. 1953 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் 1960களின் நடுப்பகுதியில் இது ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்தது. கண்காணிப்புத் தளர்ந்தபின் 1976 இல் மீண்டும் 64 இலட்சத்தைத் தாண்டியது. நோய் வாயில் அளவுக்குக் கீழே நிலைத்திருக்கும்வரை பணி தொடர வேண்டும் என்பதற்கு இவ்வெண்கள் சான்றாகும்.